வயர் கீபோர்டா, வயர்லெஸ்ஸா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மேஜையை ஒரு தடவ பாருங்க

கோர்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு ஜாப் டைப்பிங் கடையில நான் வேலை பாக்குறேன், மொத்தம் அஞ்சு கம்ப்யூட்டர், காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பத்திரம், அபிடவிட், மனு, கல்யாணப் பத்திரிகைன்னு தட்டிக்கிட்டே இருக்கணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஓனர் "மேஜை பூரா வயரா கெடக்கு, பாக்கவே சகிக்கல"ன்னு அஞ்சு சிஸ்டத்துக்கும் வயர்லெஸ் காம்போ (கீபோர்டும் மவுஸும் சேந்த செட்டு) வாங்கிப் போட்டாரு. ஆறு மாசத்துல நாலு சிஸ்டம் பழையபடி வயருக்கே திரும்பிடுச்சு. ஆனா அதே நான் வீட்ல ஹால் டிவிக்கு வச்சிருக்குறது வயர்லெஸ்தான், அதை இப்ப வயருக்கு மாத்துன்னு யாராச்சும் சொன்னா சண்டைக்கே போயிடுவேன்.

அதனால எது பெஸ்ட்னு கேட்டா என்கிட்ட ஒரே பதில் கிடையாது, ஒரே கேள்விதான் இருக்கு. உங்க கீபோர்டு வச்ச எடத்துலயே இருக்குமா, எடம் மாறுமா? எடம் மாறாத கீபோர்டுக்கு வயர் ஒரு தொந்தரவே இல்ல. எடம் மாறுற கீபோர்டுக்குத்தான் வயர் காலைச் சுத்துன பாம்பு. மத்த பேட்டரி, டிலே, செக்யூரிட்டி எல்லாம் இதுக்கு அப்புறம் பாக்க வேண்டியது.

ஸ்டெப் 1: ஒரு வாரம் சும்மா கவனிங்க

கடைக்குப் போகாதீங்க, ஆன்லைன்ல கார்ட்ல போடாதீங்க. இப்ப கைல இருக்குற கீபோர்டை ஒரு நாளைக்கு எத்தன தடவ நகத்துறீங்கன்னு மட்டும் பாருங்க. சாப்பிடுறதுக்கு தள்ளி வைக்கிறது, பையன் நோட்டு எழுத உக்காந்தா தூக்கி மேல வைக்கிறது, லேப்டாப்போட சேத்து ஆபீஸ் பேக்ல போடுறது, டிவில ஏதாச்சும் தேட சோபாவுக்கு கொண்டு போறது, எல்லாம் கணக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ மேல நகருதுன்னா வயர்லெஸ் பக்கம் யோசிங்க. மேஜைக்கு அடியில இழுக்குற ட்ரேலயே கெடக்குதுன்னா நீங்க வயர் ஆளுதான்.

அப்படியே சிபியு எங்க இருக்குன்னும் பாத்துக்கங்க. தரையில, மேஜைக்கு அடியில, செவுத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு இருக்குன்னா ரெண்டு விஷயம் இருக்கு. வயர் கீபோர்டுல வயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர், அதுக்கு கொஞ்சம் கூட, அவ்ளோதான், மேஜைக்குப் பின்னாடி சுத்தி வந்தா எட்டாது, ஒரு டேப் வச்சு அளந்துருங்க. வயர்லெஸ்ஸா இருந்தா, யூஎஸ்பில சொருகுறதுக்கு கூட வர்ற குட்டி ரிசீவரை (டாங்கிள்னும் சொல்வாங்க) சிபியு முதுகுல சொருகுனா என்ன ஆகும்னு கீழ சொல்றேன்.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க, வீட்ல எலி இருக்கா? எங்க கடையில ஒரே மழைக்காலத்துல ரெண்டு கீபோர்டு வயரும் ஒரு மவுஸ் வயரும் காலி. அப்படி அறுந்துபோன கீபோர்டை தூக்கிப் போடாதீங்க. உள்ள நாலே நாலு வயர்தான், சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு, அதே கலருக்கு அதே கலரை சேத்து சால்டர் வச்சா பழையபடி ஓடும். சில மலிவு கீபோர்டுல கலர் மாறி இருக்கும், அதுக்கு மட்டும் மல்டிமீட்டர் வச்சு பாக்கணும். தெருமுனை செல்போன் சர்வீஸ் தம்பியே பண்ணிக் குடுத்துருவாப்ல. வயர்லெஸ்ல ரேடியோ போர்டு போச்சுன்னா அந்த வேலை நடக்காது.

ஸ்டெப் 2: டைப்பிங்தான் வேலைன்னா இதைப் படிங்க

எங்க கடையில வயர்லெஸ் ஏன் தோத்துச்சுன்னா டிலே இல்ல காரணம். டிலேன்னுதான் எல்லாரும் பேசுறாங்க, ஆனா சாதாரண யூஎஸ்பி வயர் கீபோர்டை கம்ப்யூட்டர் செகண்டுக்கு 125 தடவ, அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ, "ஏதாச்சும் அமுக்குனாங்களா"ன்னு கேக்கும். நிமிஷத்துக்கு 60 இங்கிலீஷ் வார்த்தை அடிக்கிற ஆளு செகண்டுக்கு அஞ்சு கீ அமுக்குறாரு, ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவுல 200 மில்லி செகண்ட் இருக்கு. இதுல வயர்லெஸ் இன்னொரு பத்து இருவது மில்லி செகண்ட் எடுத்துக்கிட்டாலும் உங்க விரலுக்கு தெரியப் போறதில்ல. கேம் ஆடுற பசங்களுக்கு அது வேற கதை, அவங்களுக்கு 1000 ஹெர்ட்ஸ், அதாவது 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவன்னு ஓடுற கீபோர்டு வயர்லயும் இருக்கு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வச்ச வயர்லெஸ்லயும் இருக்கு, ப்ளூடூத்ல போட்டு ஆடாம இருந்தா போதும்.

எங்களைக் கொன்னது தூக்கம். கீபோர்டோட தூக்கம். பேட்டரி மிச்சம் பண்ண வயர்லெஸ் கீபோர்டு கொஞ்ச நேரம் தொடலன்னா தூங்கிடும், கட்சிக்காரர்கிட்ட பேரு விலாசம் கேட்டுட்டு திரும்பி அடிச்சா முதல் எழுத்தை முழுங்கிட்டு ரெண்டாவது எழுத்துல இருந்துதான் முழிக்கும். எல்லா மாடலும் அப்படின்னு சொல்ல மாட்டேன், நல்ல மாடல் டக்குன்னு முழிச்சு அந்த முதல் எழுத்தையும் சேத்தே அனுப்பிடும், எங்களுக்கு வந்தது அப்படி இல்ல.

இதுல தமிழ் அடிக்கிறவங்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு. தமிழ்99ல, அதாவது 1999ல சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசு ஏத்துக்கிட்ட லேஅவுட்ல (எந்தக் கீக்கு எந்த எழுத்துங்குற அமைப்பு), ஒரே மெய்யை ரெண்டு தடவ அமுக்குனா முன்னாடி எழுத்துக்குப் புள்ளி தானா விழுந்துடும். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ. இதுல நடுவுல நிறுத்திட்டு திரும்ப அடிக்கும்போது ஒரு ம விழலன்னா அமா. பக்கம் பகம் ஆயிடும், பட்டா படா ஆயிடும். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து விட்டா கீழ சிவப்புக் கோடு வந்து காட்டிக் குடுத்துடும், எங்க சாஃப்ட்வேர்ல தமிழுக்கு அந்தக் கோடு வராது. பட்டா எண்ணு இருக்குற பத்திரத்துல "படா எண்"ணுன்னு போயி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போடுற நேரத்துல கண்டுபிடிச்சு, திரும்ப அடிச்சுக் குடுத்தோம். அன்னிக்கே ஓனர் பழைய கீபோர்டை அட்டைப் பெட்டியில இருந்து எடுத்துட்டாரு.

அடுத்தது கேப்ஸ் லாக் லைட். நெறைய வயர்லெஸ் கீபோர்டுல அந்தக் குட்டி லைட்டே கிடையாது, அதுவும் பேட்டரி மிச்சம் பண்ணத்தான். பாஸ்வேர்டு தப்பு தப்புன்னு மூணு தடவ வந்து அக்கவுண்ட் லாக் ஆனதுக்கு அப்புறம்தான் கேப்ஸ் லாக் ஆன்ல இருந்தது தெரியும். நம்பர் பேட்ல கணக்கு போடுறவங்க, டேலி வச்சிருக்குறவங்க நம் லாக் லைட் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

அதனால தெனமும் நாலஞ்சு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து அடிக்கிற வேலைன்னா வயர் வாங்குங்க, ஐநூறு ரூபா பக்கத்துலயே உருப்படியா கெடைக்கும், மிச்சக் காசை நல்ல ஸ்விட்ச்ல (ஒவ்வொரு கீக்கும் அடியில அமுங்குற பாகம்) போடுங்க. பலபேரு "தமிழ் கீபோர்டு இருக்கா"ன்னு கடையில கேக்குறாங்க, அது தேவையில்ல, லேஅவுட் எல்லாம் சாஃப்ட்வேர்லதான் இருக்கு, எழுத்து மறந்து போகுதுன்னா ஸ்டிக்கர் ஒட்டிக்கங்க.

ஸ்டெப் 3: வயர்லெஸ்தான்னு முடிவு பண்ணா, டாங்கிளா ப்ளூடூத்தா?

வயர்லெஸ்னு பெட்டில போட்டிருந்தா ரெண்டுல ஒண்ணா இருக்கும், சிலதுல ரெண்டும் இருக்கும். ஒண்ணு, விரல் நகம் அளவு ரிசீவர் ஒண்ணு குடுப்பாங்க, அதை யூஎஸ்பில சொருகுனா வேலை முடிஞ்சுது, டிரைவர் சாஃப்ட்வேர் வேணாம், பேரிங் (ரெண்டையும் இணைச்சு வைக்கிற வேலை) வேணாம், கம்ப்யூட்டருக்கு அது ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டு மாதிரியேதான் தெரியும். இன்னொண்ணு ப்ளூடூத், ரிசீவர் கிடையாது, யூஎஸ்பி போர்ட் மிச்சம், ஆனா உங்க டெஸ்க்டாப்ல ப்ளூடூத் இருக்கான்னு முதல்ல பாருங்க, பழைய அசெம்பிள் சிஸ்டம் பலதுல இருக்காது, தனியா ஒரு அடாப்டர் வாங்கணும்.

டெஸ்க்டாப்புக்கு டாங்கிள், போன் டேப்லட் லேப்டாப்னு மாறி மாறி அடிக்கிறவங்களுக்கு ப்ளூடூத். மூணு டிவைஸ் வரைக்கும் ஞாபகம் வச்சுக்கிட்டு ஒரு பட்டன்ல மாறுற மாடல் இருக்கு, லேப்டாப்ல வேலை பாத்துக்கிட்டே போன்ல வந்த வாட்ஸப்புக்கு அதே கீபோர்டுல பதில் அடிக்கலாம், பழகிட்டா விட முடியாது.

டாங்கிள் வாங்குனா ஒரு பயம் இருக்கு, தொலைஞ்சு போறது. மலிவு காம்போல கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேத்து ஒரே ரிசீவர், அது போச்சுன்னா ரெண்டும் பிளாஸ்டிக் பலகைதான், பலதுக்கு தனி ரிசீவர் கெடைக்காது. லாஜிடெக்கோட யூனிஃபையிங் மாதிரி ரிசீவர்னா ஒரே ரிசீவர்ல 6 டிவைஸ் வரைக்கும் சேக்கலாம், வேற யூனிஃபையிங் ரிசீவர் வாங்கியும் திரும்ப இணைச்சுக்கலாம். 2021ல அவங்களே போல்ட்னு புதுசா ஒண்ணு கொண்டாந்தாங்க, அதுவும் இதுவும் ஒண்ணுக்கொண்ணு சேராது, பெட்டில இருக்குற சின்ன குறியைப் பாத்து வாங்குங்க. பேட்டரி போடுற மூடிக்கு உள்ள ரிசீவர் வைக்க ஒரு குழி இருந்தா அந்த மாடலுக்கு ஒரு மார்க் கூட.

ஸ்டெப் 4: ரிசீவரை எங்க சொருகுறீங்க?

"வயர்லெஸ் கீபோர்டு சரியில்ல, எழுத்து விட்டு விட்டு விழுது"ன்னு என்கிட்ட வர்ற பத்துப் பேருல பாதிப் பேருக்கு மேல கீபோர்டுல கோளாறே இருக்காது. ரிசீவர் சிபியுக்குப் பின்னாடி இருக்கும், நடுவுல இரும்பு டப்பா, அதுக்கு முன்னாடி இரும்புக் கால் வச்ச மேஜை, அதையெல்லாம் தாண்டி வரணும். பெட்டில பத்து மீட்டர்னு போட்டிருக்குறது நடுவுல ஒண்ணும் இல்லாத வெட்டவெளிக்கு.

அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு, பலபேருக்கு தெரியாது. நீலக்கலர் யூஎஸ்பி போர்ட் இருக்குல்ல, யூஎஸ்பி 3.0, அதுல ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ இரைச்சல் கெளப்பும், 2012லயே இன்டெல் இதை அளந்து ஒரு ரிப்போர்ட்டே போட்டிருக்காங்க. உங்க ரிசீவரும் ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் எல்லாம் அதே 2.4லதான் குடும்பம் நடத்துது. பக்கத்துப் போர்ட்ல ஹார்ட் டிஸ்க் போட்டு படம் காப்பி பண்ணும்போது மட்டும் கீபோர்டு தடுமாறுதுன்னா காரணம் இதுதான்.

சரி பண்றது சுலபம். ரிசீவரை கறுப்புக்கலர் யூஎஸ்பி 2.0 போர்ட்ல போடுங்க. முடிஞ்சா முன்பக்கம் போடுங்க. அதுவும் முடியலன்னா நூறு ரூபா பக்கம் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி ரிசீவரை மேஜை மேல மானிட்டர் காலுக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சிருங்க. (வயர் வேணாம்னு வயர்லெஸ் வாங்கி அதுக்கு ஒரு வயர் வாங்க சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, இது ஓரமா கெடக்கும்.) ரவுட்டர்ல 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தா கம்ப்யூட்டரையும் போனையும் அதுக்கு மாத்திடுங்க, 2.4ல கூட்டம் கொறையும்.

ஸ்டெப் 5: பேட்டரிக் கணக்கு

ரெண்டு வகை. ஏஏ இல்ல ஏஏஏ பேட்டரி போடுறது, உள்ளேயே பேட்டரி வச்சு சார்ஜ் போடுறது. பேக்லைட் இல்லாத, செல் போடுற கீபோர்டு வருஷக்கணக்குல ஓடும், அது நெசம்தான். பேக்லைட் இருந்தா கதை கந்தல். லாஜிடெக் எம்எக்ஸ் கீஸுக்கு கம்பெனிக்காரங்களே லைட்டோட 10 நாள், லைட்டை அணைச்சா 5 மாசம்னுதான் சொல்றாங்க. வித்தியாசத்தை பாத்தீங்கள்ல, ராத்திரி இருட்டுல அடிக்கிற ஆளு இல்லன்னா பேக்லைட் உங்களுக்கு வேணாம்.

என்னைக் கேட்டா வீட்டு உபயோகத்துக்கு செல் போடுற வகைதான் நல்லது. உள்ள வச்ச லித்தியம் பேட்டரி சில வருஷத்துல தளரும், மாத்துறது சுலபம் இல்ல. செல்லுன்னா ராத்திரி தீந்தாலும் டிவி ரிமோட்ல இருந்து புடுங்கிப் போட்டுக்கலாம். சார்ஜ் போடுற வகைதான் வேணும்னா டைப்-சியான்னு பாருங்க, வயர் சொருகுனா சார்ஜ் மட்டும்தான் ஏறுமா இல்ல வயர் கீபோர்டாவே வேலை செய்யுமான்னும் கேளுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல, கடைக்காரருக்கே பாதி நேரம் தெரியாது.

செல் போட்டுட்டு மாசக்கணக்குல தொடாம வைக்காதீங்க. ஊருக்குப் போறோம்னா கழட்டி வச்சிட்டுப் போங்க. அல்கலைன் செல் கசிஞ்சா ஸ்பிரிங்குல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி நிக்கும், அது காரம், வெறுங்கையால தொடாம காது குடையுற பஞ்சுக் குச்சியில எலுமிச்சம்பழச் சாறோ வினிகரோ தொட்டுத் தொடைச்சு, நல்லா காய விட்டு புது செல் போடுங்க, பாதிக்குப் பாதி பொழைச்சுக்கும்.

ஸ்டெப் 6: எவனாச்சும் ஒட்டுக் கேப்பானா?

வீட்ல பாட்டு தேடுறதுக்கு இதெல்லாம் யோசிக்க வேணாம். ஆனா பேங்க் வேலை, மத்தவங்க ஆதார் நம்பர் எல்லாம் தெனமும் அடிக்கிற எடம்னா யோசிக்கணும். 2016ல பாஸ்டில்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி, 8 கம்பெனியோட மலிவு வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை எந்தப் பூட்டும் போடாம அப்படியே காத்துல அனுப்புதுன்னு காட்டுனாங்க, 250 அடி தூரத்துல இருந்து நீங்க அடிக்கிற பாஸ்வேர்டை படிச்சுடலாம். அதுல அப்டேட் போட்டு சரி பண்ணவும் வழி இல்லாம இருந்துச்சு. அதனால பெட்டிலயோ கம்பெனி பக்கத்துலயோ ஏஇஎஸ் என்கிரிப்ஷன்னு (எழுத்தைப் பூட்டி அனுப்புற முறை) இருக்கான்னு பாருங்க. பேரே தெரியாத பிராண்டு காம்போல அந்த வார்த்தை இருக்காது.

ப்ளூடூத்ல பேரிங் பண்ணும்போது ஸ்கிரீன்ல ஆறு எண் வந்து அதை கீபோர்டுல அடிச்சு எண்டர் தட்ட சொல்லுதே, அது சும்மா சடங்கு இல்ல, நடுவுல வேற எவனும் பூராம இருக்கத்தான். அதுக்காக ப்ளூடூத்ல ஓட்டையே இல்லன்னு இல்ல, நீங்க சம்மதிக்காமலே ஒருத்தன் பொய்க் கீபோர்டை உங்க போன்ல இணைக்கிற மாதிரி ஒண்ணு 2023ல வெளிய வந்துச்சு, ஆண்ட்ராய்டுக்கு அந்த வருஷம் டிசம்பர் அப்டேட்ல அடைச்சாங்க. அப்டேட் நோட்டிஃபிகேஷனை தள்ளி விடுற ஆளுங்களுக்கு சொல்றேன்.

ஸ்டெப் 7: கடையில அஞ்சு நிமிஷம், வீட்ல ஒரு நாள்

சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட், மத்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடை, எங்கயா இருந்தாலும் கையில தொட்டுப் பாக்க முடிஞ்சா தொட்டுப் பாருங்க. ஸ்பேஸ் பாரை நடுவுல இல்லாம ரெண்டு ஓரத்துலயும் அமுக்குங்க, ஒரு ஓரம் சிக்குச்சுன்னா வச்சிட்டு வந்துருங்க. எண்டர், பேக்ஸ்பேஸ் பெருசா இருக்கா, ஏரோ கீ நசுங்கிப்போய் இருக்கான்னு பாருங்க, வயர்லெஸ்ல எடம் மிச்சம் பண்றேன்னு இதுங்களைத்தான் முதல்ல சின்னதாக்குவாங்க. டெலீட், ஹோம், எண்ட் எல்லாம் எஃப்என் கூட சேத்து அமுக்க வேண்டிய மாடல் வேர்டுல வேலை பாக்குறவங்களுக்கு நரகம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் தமிழ் வேகமா அடிச்சு வாசிச்சுப் பாருங்க, இரட்டிக்கிற எழுத்து எங்கயாச்சும் விட்டுருக்கான்னு தேடுங்க. அப்புறம் அரை மணி நேரம் கீபோர்டை தொடாம விட்டுட்டு வந்து நோட்பேட்ல "1234567890"னு டக்குன்னு அடிங்க. 1 விழுந்துச்சா? விழலன்னா திருப்பிக் குடுக்குற நாள் முடியறதுக்குள்ள திருப்பிடுங்க, அது பழகப் பழக சரியாகாது.

வயர்லெஸ் நல்லா இருக்குன்னு முடிவாயிட்டாலும் பழைய வயர் கீபோர்டை ஆக்கர் கடைக்குப் போடாதீங்க, பரண்ல ஏத்தி வைங்க. எங்க மச்சான் ப்ளூடூத் கீபோர்டு மட்டும் வச்சிருந்தாரு, ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் சிஸ்டம் ஆன் பண்ணா நீலத் திரையில பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேட்டுச்சு, 48 எண் அடிக்கணும். விண்டோஸே இன்னும் எந்திரிக்கல, அப்புறம் ப்ளூடூத் எப்படி எந்திரிக்கும்? ரெகவரி கீ போன்ல இருக்கு, கீபோர்டு கையில இருக்கு, அடிக்க வழியில்ல. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி "மாப்ள, அந்த எலி கடிச்ச கீபோர்டு இன்னும் இருக்கா?"ன்னு கேட்டாரு. சால்டர் வச்சதுதான், எடுத்துக் குடுத்தேன்.